வெள்ளைத் தலையும் எட்டு அறிகுறிகளும்

வட்டார வானொலியில் ‘மூத்தோர் நேரம்’ நடத்தும் மதிப்புக்குரிய திருமதி நியேவு அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற ரயில் சிக்னல்காரன் சங்காவா தோயா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தாங்களும் தங்கள் தொண்டையும் நலமாயிருக்க வேண்டும். போன வாரம் நிகழ்ச்சியின் நடுவே நான்கு முறை இருமினீர்கள்.

வீட்டுக்குள்ளேயே வயதானவர்களைக் கொடுமைப்படுத்துகிறவர்களைக் கண்டுபிடிக்க எட்டு அறிகுறிகள் என்று தாங்கள் சொன்னதை ஒன்று விடாமல் பென்சிலால் எழுதிக்கொண்டேன். எழுபத்தாறு வயதிலும் எனக்குக் காது சுத்தம். முப்பத்தொரு வருடம் ஒரு வண்டியைக்கூடத் தப்பான தண்டவாளத்தில் அனுப்பாதவன் நான். குற்றவாளியைப் பிடிக்க ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. என் மகனுக்கு மொம்பாசா துறைமுகத்தில் வேலை, மாதம் ஒரு முறைதான் வருவான். வீட்டில் நானும் அவன் மனைவி ஜும்வாவும் மட்டும். குற்றவாளி ஜும்வா.

முதல் அறிகுறி, கூச்சல். விடிந்ததும் விடியாததுமாக, “அப்பா, மாத்திரைய முழுங்கினீங்களா, இல்ல நேத்து மாதிரி கோழிக்குப் போட்டீங்களா?” என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறாள். (கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது.) இரண்டாவது, பிடித்த உணவை மறுப்பது. டாக்டர் சொன்னாராம், உப்பு டப்பாவை ஒளித்துவிட்டாள். கள்ளு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ஒரே குவளை. மூன்றாவது, வெளியாட்களை அண்டவிடாதது. என் தங்கை மகன் கிட்சாவோ ஏதோ பத்திரத்தோடு ஒரு நண்பரை அழைத்துவந்தபோது, இவள் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார். நான்காவது, தனியாக இருக்கவிடாதது. நான் என் தோப்பில் மாமரத்தடியில் உட்கார்ந்தால் அவளும் பயறு உரிக்க அங்கேதான் வருகிறாள், கழிப்பறைக்குப் போனால் வாசலில் நின்று பாட்டுப் பாடுகிறாள். ஒரு மனிதன் எப்படித்தான் பிழைப்பது?

கிட்சாவோ இருக்கிறானே, அவன் தங்கமான பையன். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. நம் பக்கத்தில் தலை நரைத்தவன் பாடு தங்களுக்குத் தெரியாததா? போன மழைக்காலத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் என் வயதுக்காரர் ஒருவரை, நரைத்த தலையைக் காட்டி மந்திரவாதி என்று சொல்லி வெட்டிப்போட்டார்கள். அவருடைய முந்திரித் தோப்பில் இப்போது யாரோ வேலி போட்டிருக்கிறார்கள். அந்த நிலைமை எனக்கு வரக்கூடாதென்று கிட்சாவோ மாதம் தவறாமல் தலைச்சாயம் வாங்கிவருகிறான். “மாமா, ஊர்ல உங்களப் பத்தியும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல” என்று கையைப் பிடித்துக்கொள்வான். ஜும்வாவோ சாயப் பாட்டிலைப் பிடுங்கிக் குப்பையில் வீசுகிறாள். “உங்க தலை என்ன பாவம் பண்ணிச்சு? பேசறவன் யாருன்னு கேட்டீங்களா?” என்கிறாள். இதை ஐந்தாவதாகக் குறித்துக்கொண்டேன்.

நேற்று அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, புதுச் சாயமும் வெள்ளைச் சட்டையுமாக வட்டாரத் தலைவரிடம் புகார் கொடுக்கக் கிளம்பினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அலுவலகத்துக்குள் நான் நுழைந்ததும் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதை என்று நினைத்து நடந்தேன். சன்னல் கண்ணாடியில் பார்த்தால் நெற்றி முதல் இடுப்பு வரை கறுப்பு. குமாஸ்தா துண்டு எடுத்துக் கொடுத்தார், புகாரை எடுக்கவில்லை. அதற்குள் ஜும்வா குடையோடு வந்துவிட்டாள். “என்னப்பா இது, கரி மூட்டைக்குள்ள விழுந்தீங்களா?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள். இது ஆறாவது, அவமானப்படுத்துவது. ஏழும் எட்டும் இன்னும் நடக்கவில்லை, நடந்ததும் தெரிவிக்கிறேன்.

ஆகவே இக்கடிதத்தை வருகிற செவ்வாய்க்கிழமை முழுவதுமாக வாசித்து, என்னைப் போன்ற அப்பாவிகளை எச்சரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நல்ல மாமனாரும் பெற்று வாழட்டும்.

தங்கள் நேயர்,
சங்காவா தோயா

பின்குறிப்பு: மேலே உள்ளதில் ஒரு வரியையும் வாசித்துவிடாதீர்கள். உறையை ஒட்டும் நேரத்தில் கிட்சாவோ வந்தான். “ஊரே கொதிக்குது மாமா. தோப்ப என் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டு மொம்பாசாவுக்குப் போயிடுங்க, உயிராவது மிஞ்சும்” என்றான். சரி, ஆனால் புகார் என்றால் முழுமையாக இருக்க வேண்டுமே, பேசுகிறவர்கள் யார் என்று பென்சிலை எடுத்தேன். தயங்கித் தயங்கி மூன்று பெயர் சொன்னான். அவன் போனதும் மூன்று வீட்டுக்கும் போனேன். முதல் வீட்டில், “ஐயோ பெரியவரே, உங்க கிட்சாவோதான சொன்னான், நீங்க ராத்திரில ஆந்தையோட பேசறீங்கன்னு” என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் கிட்சாவோ. மூன்றாவது வீட்டிலும் அவனேதான்.

நேரே வீட்டுக்கு வந்து, “உனக்கு முன்னமே தெரியுமா?” என்று ஜும்வாவிடம் கேட்டேன்.

“தெரியாமலா நாள் பூரா உங்க பின்னாலயே அலையறேன்? எவன் எந்தப் பக்கத்துலேர்ந்து அரிவாளோட வருவானோன்னு எனக்குச் சோறு இறங்கல.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“எங்க சொல்றது? நான் வாயத் தொறந்தாலே நீங்க பென்சில எடுக்கறீங்க!”

வெட்கத்தில் அழுதுவிட்டேன் அம்மா, மறைப்பானேன்.

நாளை தலைவர் கூட்டும் ஊர்க்கூட்டத்தில் அந்த மூன்று வீட்டுக்காரர்களும் இதையே எல்லார் முன்னாலும் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிட்சாவோவும் இருப்பான். நான் தலையைக் கழுவிவிட்டு, தொப்பியில்லாமல் முன்வரிசையில் உட்காரப்போகிறேன்.

“பயமா இருக்காப்பா?” என்று ஜும்வா சற்றுமுன் கேட்டாள்.

“நீ பக்கத்துல உக்காந்து கத்துவியா?” என்றேன்.

“தொண்டை கிழியக் கத்துவேன்.”

அப்படியானால் எனக்குப் பயமில்லை.