என்னை விடாமல் துரத்திய ஸ்டாப்வாட்ச்

மதுரை ஜில்லாவில் தோற்கப் பிடிக்காதவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஓயாமல் தோற்றுக்கொண்டே இருந்தும் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத ஒரே ஜீவன், எங்கள் திருநகர் ஆஸ்டலில் இருந்த ஸ்டாப்வாட்ச்தான்.

எழுமலைக்காரி. எந்நேரமும் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும்; அதனால் நாங்கள் வைத்த பெயர் அது. குளித்துவிட்டு வந்தால், "நாலு நிமிசம்டி. நான் மூணு" என்பாள். இட்லியை நிம்மதியாக மென்று விழுங்க முடியாது. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். வார்டன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு நூற்றிரண்டு என்றதும், இவள் வாயைத் திறந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கும் வச்சுப் பாருங்க மேடம்."

இந்த வியாதிக்குக் காரணம் நான்தான். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் எப்போதும் நான் முதல், அவள் இரண்டாவது. எனக்கு ஓட்டம் தானாக வந்தது. அவள் அதை இழுத்துக்கொண்டு வந்தாள். நான் போர்வைக்குள் கிடக்கும்போதே பத்துச் சுற்று முடித்துவிட்டு வந்து என் காலைப் பிடித்து இழுப்பாள். "எந்திரிடி! நீ ஓடலைன்னா நான் யாரை முந்துறது?"

பிளஸ் டூவில் என்னால் பொறுக்க முடியவில்லை. படிக்கணும் என்று சாக்குச் சொல்லி, பெட்டியைக் கட்டிக்கொண்டு வாடிப்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாவட்டப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒருத்திக்குத்தான் இடம். கோச் அதை அவளுக்கே கொடுத்துவிட்டார். விட்டது சனியன் என்று, வார்டன் போனிலிருந்து அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்காமலே அழித்துவிட்டுத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் வாசலில் நிற்கிறாள்.

"அம்மா, இவளை அனுப்பி வைங்க. இவளை ஜெயிக்காம எனக்கு அந்த இடம் வேணாம்."

"மொதல்ல சாப்பிடு ஆத்தா" என்று அம்மா தோசை வார்த்தார். இரண்டாவது தோசையிலேயே எங்களுக்குள் போட்டி ஆரம்பித்துவிட்டது. ஏழாவதில் மாவு தீர்ந்ததால் பிழைத்தேன். மறுநாள் ஆஸ்டலில் இருந்தேன்.

கோச் தலையில் அடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஓடவிட்டார். கடைசி நூறு மீட்டர் வரை அவள்தான் முன்னால். போகட்டும், விட்டுக் கொடுத்துவிடலாம் என்று காலைத் தளர்த்தினேன். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா ஓடுன, கொன்னுருவேன்!"

ஓடினேன். அரை அடியில் முந்தினேன். சும்மா கிடைத்த இடத்தை, பஸ் ஏறி வந்து தேடிப்பிடித்து என்னிடமே கொடுத்துவிட்டுத் தரையில் கவிழ்ந்து அழுதாள் பைத்தியக்காரி. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் மூச்சு முட்டி, நான்காவதாகத் தள்ளாடிக்கொண்டிருந்தேன். கம்பிவேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கத்தல்.

"ஓடுடி! நீ இவளுககிட்டத் தோத்தா, நான் ஒன்கிட்டத் தோத்ததுக்கு என்னடி மருவாதை?"

முதலாவதாக வந்தேன். என் ஆயுசில் நான் யாருக்காகவாவது ஓடியிருக்கிறேன் என்றால், அது அந்த ராட்சசிக்காக ஓடிய அந்த ஒரு சுற்றுதான்.