தானே தீர்ந்த புகார்கள்

தெருவிளக்கு எரியவில்லை என்றால் புகார் செய்வது குடிமக்களின் கடமை. அதைப் பெற்றுக்கொள்வது தெருவிளக்கு அலுவலகத்தின் கடமை. இரு தரப்பும் கடமை தவறாமல் பல காலம் இருட்டில் வாழ்ந்து வந்தார்கள்.

இந்த நல்லுறவைக் கணினிமயமாக்க ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். ப்ரோக்ராம் எழுத அண்மையில்தான் கற்றவள். ப்ரோக்ராம் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். வீடு என்பது அக்காவின் வீடு. வேலை எப்போது நிரந்தரமாகும் என்று கேட்பதை அத்தான் மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

முதல் நாளே ப்ரோக்ராம் தன் இஷ்டத்துக்கு ஆடியது. வந்து விழுந்த புகார் ஒவ்வொன்றும் மறு நொடியே 'தீர்க்கப்பட்டது' என்று காட்டியது. புகார் செய்தவரின் போனுக்கும் அதே செய்தி பறந்தது. அலுவலக ஏணியோ சாத்திய இடத்தை விட்டு அசையவில்லை. அவள் கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். புரியாத வரிகளை அழித்தாள். ப்ரோக்ராம் படுத்துக்கொண்டதும் கெஞ்சாத குறையாக அதே வரிகளைத் திரும்ப எழுதினாள். கடைசியில், ஒவ்வொரு வரி முடிந்ததும் புகாரின் நிலை என்ன என்று திரையில் காட்டச் சொன்னாள். குட்டு உடைந்தது. ப்ரோக்ராம் மொழியில் 'புகார் தீர்ந்துவிட்டதா?' என்று கேட்க இரண்டு சமக்குறி (==) வேண்டும். அவள் ஒன்றோடு நிறுத்தியிருந்தாள். கணினி அதை 'தீர்ந்ததாக வைத்துக்கொள்' என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டு கீழ்ப்படிந்திருந்தது.

பதறிப்போய் அதிகாரியிடம் ஓடினாள். புகார்கள் இவ்வளவு விரைவாகத் தீர்ந்ததற்கு வந்த மேலிடத்துப் பாராட்டுக் கடிதத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு விளக்குகூட எரியல."

"எரியலைங்கறது உன் அபிப்பிராயம்மா. தீர்ந்துடுச்சுங்கறது பதிவு."

"ப்ரோக்ராம்ல தப்பு இருக்கு சார்."

"அப்படின்னா முறைப்படி புகார் கொடு."

கொடுத்தாள். கண்ணெதிரே தீர்ந்தது.

"பாத்தியா, உன் குறையைக்கூட விட்டு வைக்கல" என்றார் அதிகாரி.

மனம் கேட்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் அந்த இன்னொரு சமக்குறியைப் போட்டுவிட்டாள். மறுநாள் காலை அத்தனை புகாரும் 'நிலுவை' என்று எழுந்து நின்றது. அலுவலக வாசலில் கூட்டம். முன்னால் நின்றது அக்கா, ஒரு காலை நொண்டிக்கொண்டு.

"ஏன்டி, தீர்ந்துபோன புகாரை எதுக்குடி கிளப்பிவிட்டே?"

"அது தீரவே இல்லக்கா. இருட்டுல நீதானே நேத்து பள்ளத்துல காலை விட்டே?"

"விட்டேன். ஆனா போன்ல தீர்ந்துடுச்சுன்னு வந்தப்போ ஒரு நிம்மதி இருந்துச்சு. இப்போ காலும் போச்சு, நிம்மதியும் போச்சு."

கூட்டம் அக்காவின் பக்கம் நின்றது. மக்களின் உணர்வுக்கு மதிப்பளிப்பதே தம் கொள்கை என்று அதிகாரி அறிவித்தார். பிறகு அவளை உள்ளே அழைத்து, சமக்குறி வேண்டுமா, சம்பளம் வேண்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவள் போட்ட சமக்குறியை அழித்தாள். அங்கேயே ஆணை தயாரானது: 'எவ்வித முன்னறிவிப்புமின்றிச் சரியாக இயங்கத் தொடங்கிய ப்ரோக்ராமை விரைந்து செப்பனிட்டமைக்காக இவர் பணி நிரந்தரம் செய்யப்படுகிறார்.'

வாசலில் வரிசையாக போன்கள் ஒலித்தன. முகங்கள் தெளிந்தன. அக்கா நொண்டுவதையே மறந்துபோனாள். ஒருவர் விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, முன்னைக்கு இப்போது வெளிச்சம் எவ்வளவோ பரவாயில்லை என்றார்.

அப்போது பகல் பதினொரு மணி.