பொண்ணைத் தூக்கப் போவது நான்தான், அத்தான்

பிலிமத்தலாவை,
வெள்ளிக்கிழமை.

வத்தேகமயில் சகல சௌபாக்கியங்களோடும் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய ராஜலிங்கம் அத்தான் அவர்களின் சமூகத்திற்கு, பிலிமத்தலாவை பித்தளைக் கடை சேதுராமன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ஞானேஸ்வரியும், கடையில் விற்காமல் நிற்கும் குத்துவிளக்குகளும் நலம். அங்கு தாங்களும், என் உடன்பிறந்த அக்கா பேச்சியம்மாவும், கல்யாணப் பெண்ணாகிய மருமகள் துஷ்யந்தியும் நலமாயிருக்க முருகப்பெருமானை வேண்டுகிறேன். கையில் போன் இருக்கையில் கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் தாங்கள் சிரித்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

விஷயம் தாங்கள் அறிந்ததே. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் அமர்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த வேளையில், மண்டப வாசலிலிருந்து மணவறை வரைக்கும் பெண்ணின் கால் தரையில் படாமல் தாய்மாமன் தூக்கி வருகிற நம் வகையறா வழக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தாங்கள் என்னை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்து, "சேது, நீ தூக்க வேணாம்ப்பா. அப்புறம் உன்னைத் தூக்க நாலு பேர் தேடணும். ரமேஸ் தூக்கட்டும்" என்று திருவாய் மலர்ந்தீர்கள். நல்ல காரியத்தில் பேசுகிற பேச்சா அது? மாப்பிள்ளையின் தாயாருக்குச் சிரித்துச் சிரித்துப் பாயசம் புரை ஏறியது. தங்கள் அண்ணன் மகன் ரமேஸ் சீமெந்து மூடை தூக்குகிறவன், பலசாலி, நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் பங்காளி. துஷ்யந்திக்கு அண்ணன் முறை. பங்காளி தூக்கிட்டு வந்தா அது கல்யாணமா, லொறிக்குச் சாமான் ஏத்துற வேலையா, நீங்களே சொல்லுங்க.

எங்களுக்கோ பிள்ளை குட்டி கிடையாது. காது குத்துறப்ப என் மடியில உக்காந்து என் புதுச் சட்டையைக் கண்ணீரும் மூக்குச் சளியுமா ஆக்கினவ துஷ்யந்தி. நான் மணவறைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு இந்த உலகத்துல இருக்கிறது அந்த ஒரே ஒரு பொண்ணுதான் அத்தான். அதையும் ரமேஸுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களே. அன்னைக்கு பஸ்ல ஞானேஸ்வரி கட்சான் கடலை வாங்கி நீட்டினா, கண்டி டவுன் வர்ற வரைக்கும் நான் அதைத் தொடல.

மறு கிழமையே கண்டி டவுன்ல மார்க்கட்டுக்குப் பின்னால ஒரு தேத்தண்ணிக் கடைக்கு மேல் மாடியில இருக்கிற ஜிம்முக்குப் போனேன். அதை நடத்துறவர் அலவத்துகொடக்காரர் ஜவாஹிர். கதவைத் திறந்தா அவர் இன்னொரு கதவு மாதிரி நிக்கிறாரு. உள்ள பார்த்தா எல்லாம் இளவட்டங்க, கண்ணாடி முன்னால நின்னு தங்களைத் தாங்களே முறைச்சுக்கிட்டு இருக்காங்க. ஜவாஹிர் என்னைப் பார்த்து, இந்த வயசுல என்னத்துக்கு வந்தீங்க அண்ணன்னு மரியாதையாத்தான் கேட்டாரு. அத்தனை பேர் முன்னால மருமகளைத் தூக்கணும்னு எப்படிச் சொல்றது? சீனி வருத்தம், நீரிழிவுன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். மனுசன் ரொம்ப நல்லவர், அதுதான் வினையாப் போச்சு. கீழ இறங்கித் தேத்தண்ணிக் கடையில, இந்த அண்ணனுக்குச் சீனி போட்டா என்கிட்ட பதில் சொல்லணும்னு சொல்லி வச்சிட்டாரு. அதோட விட்டாரா? அவர் பொண்டாட்டி பாயிஸா ஒரு நாள் நம்ம கடைக்குத் தட்டு வாங்க வந்த இடத்துல, உங்க மனுசருக்கு இப்ப சீனி எப்படின்னு ஞானேஸ்வரிகிட்ட அனுதாபமா விசாரிச்சிருக்கா. அந்த நாள்லருந்து எனக்குக் காலையில வெறும் வயித்துல பாகற்காய்ச் சாறு. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னா இவளும் உங்களை மாதிரி சிரிச்சிருவாளோன்னு பயந்து கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சேன். இல்லாத வருத்தத்துக்கு மருந்து குடிச்ச மனுசன் மத்திய மாகாணத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அங்க என் கூட தனபாலன்னு ஒரு தம்பி வர்றாரு, அரசாங்கக் கச்சேரியில கிளாக்கர். நாப்பது தாண்டியும் கல்யாணம் அமையல. பொண்ணு வீட்டுக்காரங்க முதல்ல போட்டோவைத்தான் பாக்குறாங்க, போட்டோவுல நெஞ்சு இருக்கணும் அண்ணேன்னு சொல்லித்தான் அவர் இரும்பு தூக்குறாரு. இதுல என்ன வெக்கம், அவர் பச்சையாச் சொல்றாரு. எனக்குத்தான் அந்தத் தைரியம் இல்ல. ஒரு நாள் நான் ஒரு கடையில ஒளிஞ்சு நின்னு ரெண்டு ஜிலேபி சாப்பிடுறதை அவர் பார்த்துட்டாரு. சீனி வருத்தக்காரனுக்கு ஜிலேபியான்னு அவர் திகைச்சு நிக்க, சீனியுமில்ல கீனியுமில்ல தம்பி, நான் போட்டிக்காக உடம்பு ஏத்துறேன், யாருக்கும் சொல்லிராதீங்கன்னு இன்னொரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். தம்பி யாருக்கும் சொல்லல, ஜவாஹிருக்கு மட்டும் சொல்லியிருக்காரு.

அத்தான், அடுத்தது நடந்ததை அக்காவுக்கு வாசிச்சுக் காட்ட வேணாம். ஜிம் தொடங்கின ஆண்டு விழான்னு ஒரு மண்டபத்துல மேடை போட்டு, பொடி பில்டிங் செய்ற பையன்களை எல்லாம் நிறுத்தினாங்க. என்னையும் கூட்டிட்டுப் போய், சட்டை சாரம் எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு, கைக்குட்டைக்குக்கூடப் பத்தாத ஒரு துணியைக் குடுத்து, உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தடவி மேடையில ஏத்திட்டாங்க. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, வயித்தை உள்ள இழுத்து, ரெண்டு கையையும் மடக்கி நின்னேன். பக்கத்துல தேக்கு மரம் மாதிரி ஒரு பையன். ஜவாஹிர் மைக்கைப் பிடிச்சு, சபையோரே, நல்லாப் பாருங்க, ஜிம்முக்கு வர்றதுக்கு முதல் உடம்பு இப்படித்தான் இருக்கும்னு என்னைக் காட்டி, வந்ததுக்குப் பிறகு இப்படி ஆகும்னு அந்தப் பையனைக் காட்டினாரு. ஜனங்க கை தட்டினாங்க. நான் அப்ப ஜிம்முக்குப் போய் நாலு மாசம் ஆச்சு அத்தான். நாலு மாசம் பாடுபட்டு ஏத்தின உடம்பைத்தான் அவர் ஏத்தாத உடம்புன்னு காட்டினாரு. முதல் வரிசையில நம்ம கோயில் தலைவர் குடும்பத்தோட உக்காந்திருந்தாரு. எண்ணெய் வடிய நின்ன என்னைப் பார்த்ததும் பழக்க தோசத்துல எழும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாரு. நானும் மடக்கின கையைப் பிரிச்சுக் கும்பிட்டேன், வேற என்ன செய்ய?

மேடைக்குப் பின்னால எண்ணெயைத் துடைச்சுக்கிட்டு இருக்கும்போது ஜவாஹிர் வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. போட்டிக்கு வந்தவன் முகம் மேடையில அப்படி இருக்காதுன்னு அவருக்கு விளங்கியிருக்கு. சீனியும் பொய், போட்டியும் பொய், உண்மையைச் சொல்லுங்க அண்ணன்னு கேட்டாரு. சொன்னேன். நிச்சயதார்த்தம், பாயசம், நீங்க, ரமேஸ், துஷ்யந்தி எல்லாத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கல. என் முதுகுல இருந்த எண்ணெயைத் துடைச்சுவிட்டுக்கிட்டே சொன்னாரு:

"எங்கட வாப்பா மௌத்தான நேரம் நான் ஈர்க்குச்சி மாதிரி அண்ணன். சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் குடுக்கப் போனேன். நீ தள்ளி நில்லு மகன், ஒனக்கு ஏலான்னுட்டாங்க. வாப்பாவ ஊரு தூக்கிட்டுப் போச்சு, நான் பின்னால நடந்து போனேன். அதுக்குப் பொறகுதான் இந்த இரும்பத் தொட்டேன்."

நான் அழுதுட்டேன் அத்தான், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அவரும் கண்ணைத் துடைச்சாரு. இத்தனை பொய்யைச் சொல்லி ஏமாத்தின ஆளுகிட்ட அவர் தன் மனசுல கிடந்ததை எடுத்து வச்சிட்டாரு. அப்புறம் எழும்பி, அண்ணன், இனி ஒங்களுக்கு இந்தச் சின்ன இரும்பு வேணாம், இந்த வயசுல பொண்ணைக் கைக்குக் குறுக்கால ஏந்தவும் வேணாம், இடுப்போட அணைச்சு நெட்டுக்குத் தூக்குங்க, அதுக்கு வீட்டுல மூடையைக் கட்டிப் பிடிச்சு நடந்து பழகுங்கன்னு முறையைச் சொல்லிக் குடுத்தாரு.

அரிசி மூடையில பழகினேன். அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. சாக்கு சொரசொரப்பு, பட்டுச் சேலை வழுக்குமே. ஞானேஸ்வரி எழும்புறதுக்கு முந்தியே அலுமாரியைத் திறந்து அவ கூறைச் சேலையை எடுத்து மூடைக்குக் கொசுவம் வச்சே சுத்திட்டேன். விடியக்காலையில அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ரோட்டுல தள்ளாடித் தள்ளாடிப் போறேன். எதிர்வீட்டு மெனிக்கே அம்மா கதவைத் திறந்தவங்க, நான் மயங்கிக் கிடக்கிற பொண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறேன்னு நினைச்சு, ஐயோ அனேன்னு வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டாங்க. சந்தியில நின்ன த்ரீவீல் வந்துருச்சு. ரெண்டு பேர் ஓடி வந்து மூடையை என் கையிலருந்து பறிச்சுப் பின் சீட்டுல பக்குவமாப் படுக்க வச்சாங்க. எனக்கு மூச்சு வாங்குது, வார்த்தை வரல. நான் ஏறுறதுக்குள்ள வண்டி பறந்துருச்சு. தெருவே கூடி எனக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருக்கும்போது, ஞானேஸ்வரி வாசல் கூட்டுற ஈர்க்குமாத்தோட வெளிய வந்து, என்னங்க சத்தம்னு கேட்டா. மெனிக்கே அம்மா அங்கேயே உக்காந்துட்டாங்க. சந்தி தாண்டிப் போன வண்டிக்காரன், நோயாளி மேலருந்து அரிசி கொட்டுறதைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தான். கூலியை மட்டும் விடாம வாங்கிட்டான்.

அதுக்கப்புறம் ஞானேஸ்வரிகிட்ட எதை மறைக்கிறது? எல்லாத்தையும் கொட்டிட்டேன். பாகற்காய் நின்னுச்சு. கூறைச் சேலைக்காக நான் வாங்கின பேச்சை இங்க எழுத முடியாது. ஆனா பொழுது சாய்ஞ்சதும் அவளே அந்தச் சேலையை உதறிக் கட்டிக்கிட்டு வந்து நின்னு, மூடை வேற மனுசி வேற, என்னைத் தூக்கிப் பாருங்கன்னு சொன்னா. நான் கண்ணை மூடி முருகான்னு அணைச்சுத் தூக்கினேன். குசினியிலருந்து முன் வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டேன். பாரமே தெரியல அத்தான், பூ மாதிரி வந்தா. துஷ்யந்தியை விட இவ எடை கூடன்னு பார்த்தாலே தெரியும், அதை நான் சொன்னதா இவகிட்ட சொல்லிராதீங்க.

ஆகையால் அத்தான் அவர்கள் சமூகத்தில் நான் உறுதியாகத் தெரிவிப்பது என்னவென்றால், மருமகளைத் தூக்கப் போவது நான்தான், நான் மட்டும்தான். ரமேஸைப் பந்தி பரிமாற அனுப்பிவிடுங்கள். எனக்கு முட்டுக் கொடுக்க ஒருத்தரும் பக்கத்தில் வரக் கூடாது. கழுத்துச் சாமான்கள் கொஞ்சத்தை மணவறையில் உட்கார்ந்த பிறகு போட்டுக்கொண்டால் போதும். கல்யாணம் வரைக்கும் ராத்திரியில் இடியாப்பம், பாண் இரண்டையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி துஷ்யந்தியிடம் சொல்லவும், பாசத்தில் சொல்கிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம். மருமகளுக்கு என் ஆசீர்வாதம், அதை நேரில் தூக்கிக்கொண்டு வந்து மணவறையில் இறக்குகிறேன். வேலும் மயிலும் துணையிருந்து எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன், பெண்ணின் ஒரே தாய்மாமன்,
சேதுராமன்.

பி.கு.: அண்ணனுக்கு ஞானேஸ்வரி எழுதுறது. இவர் கடிதத்தை மடிச்சு வச்சிட்டு, கீழ விழுந்த முத்திரையை எடுக்கக் குனிஞ்சாரு. குனிஞ்சவர் நிமிரல. இப்ப இடுப்புக்குத் தைலம் பூசிப் படுத்திருக்காரு. கல்யாணத்துக்குள்ள நடந்துருவாரு, ஆனா பாரம் தூக்கவே கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. தபாலில போடச் சொல்லித் தந்தாரு, நான் பிரிச்சு வாசிச்சிட்டேன். அன்னைக்கு அவர் என்னைத் தூக்கல அண்ணன். என் கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. சேலைக்குள்ள நுனிக்கால்ல நடந்துதான் வாசல் வரைக்கும் வந்தேன். கண்ணை மூடிக்கிட்டு இருந்தவர் முகத்துல அவ்வளவு சந்தோசம், எனக்குச் சொல்ல மனசு வரல. இன்னைக்குக் குனிஞ்சபடி நின்னவரை அள்ளித் தூக்கிக் கட்டில்ல போட்டது நான்தான். கடையில ஆளுயரக் குத்துவிளக்கை எல்லாம் லொறியிலருந்து யார் இறக்குறான்னு நினைச்சீங்க? இவர் விலை எழுதி ஒட்டுவாரு.

ரமேஸ் வேணாம் அண்ணன். துஷ்யந்தி இவருக்கு மட்டுமில்ல, எனக்கும் ஒரே பிள்ளைதான். கல்யாணத்தன்னைக்கு இவர் முன்னால நின்னு அவளை அணைச்சுக்கட்டும். நான் பின்னால சேலையைச் சரி பண்ற மாதிரி நின்னு பாரத்தை எடுத்துக்கிறேன். போட்டோவுல இவர்தான் தூக்கிட்டு வர்ற மாதிரி விழும், இவரும் அப்படியே நினைச்சுக்கட்டும், நீங்க காட்டிக் குடுத்துராதீங்க. இடியாப்பத்தைப் பத்தி எழுதினதை மட்டும் விட்டுருங்க. பிள்ளையை வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்க, எவ்வளவு பாரமா இருந்தாலும் நான் தூக்குவேன்.