பெல்ட்டை நிறுத்திய பல்

பல் டாக்டரின் நாற்காலியில் படுத்தவன் எவனும் வீரன் இல்லை. நானும் இல்லை. ஆனால் என்னைப்போல ஒரு கிளினிக்கையே நிறுத்திவைத்தவன் வேறு யாரும் இருக்க மாட்டான்.

நெய்வேலி சுரங்கத்தில் எனக்கு கன்வேயர் பெல்ட் வேலை. பெர்மனென்ட். (இந்த வார்த்தையை எங்கள் டவுன்ஷிப்பில் நெஞ்சை நிமிர்த்தாமல் யாரும் சொல்வதில்லை.) வெட்டிய மண்ணைச் சுமந்துகொண்டு கண்ணுக்கெட்டாத தூரம் ஓடும் பெல்ட்டின் ஓரமாகக் கூடவே ஒரு கயிறு போகும். இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் கயிற்றை இழுக்க வேண்டும். காரணமெல்லாம் பிறகு. இத்தனை வருஷத்தில் அந்தப் பாடம் மூளைக்குப் போவதை விட்டுவிட்டு நேராகக் கைக்கே போய்விட்டது.

நண்பர் ஒருவரின் ரிடையர்மென்ட் விருந்தில், சோடா மூடியைப் பல்லால் திறந்து காட்டினேன். மூடி வந்தது. முன்பல்லும் கூடவே வந்தது. அந்த நேரம் பார்த்து, மகள் தேன்மொழியைப் பெண் பார்க்க காடாம்புலியூரிலிருந்து வந்தார்கள். ஓட்டை தெரியக்கூடாதே என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டதற்கெல்லாம் "ம்". பையனின் அப்பா தன் தோட்டத்துப் பலாச்சுளையை ஆசையாக நீட்டினார். அதற்கும் "ம்".

மறுநாள் என் மனைவி வசந்தாவுக்கு அவரிடமிருந்து போன். "ஏம்மா, பொண்ணோட அப்பாவுக்கு இதுல இஷ்டமில்லீங்களா? மூஞ்சிய உர்ருனு வச்சிகினே குந்தியிருந்தாரு. இஷ்டமில்லாத வூட்ல பொண்ணெடுக்க எங்களுக்கு மனசு வரல."

தேன்மொழிக்குப் பையனைப் பிடித்துப்போயிருந்தது. அன்று அவள் சாப்பிடவே இல்லை. பல் கதையை வெளியே சொல்லக்கூடாதென்று வசந்தாவிடம் நான் சத்தியம் வாங்கியிருந்ததால், அவள் எனக்கு வயிற்றுவலி என்று சமாளித்து, ஒருவழியாக நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கவைத்தாள்.

"அன்னைக்காவது மனுஷன் மாதிரி சிரிச்சித் தொலைங்க," என்றாள்.

மந்தாரக்குப்பத்துப் பல் டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் நல்ல பொறுமைசாலி. தாடை எலும்பில் ஸ்க்ரூ வைத்து அதன்மேல் பல் கட்டுவதை எக்ஸ்ரேயைக் காட்டி நிதானமாக விளக்கினார். நான் தலையாட்டினேன், காதில் வாங்கவில்லை. நாங்கள் பார்க்காத ஃபவுண்டேஷன் போல்ட்டா? இறக்கு, டைட் பண்ணு, மெஷினை ஓட்டு! (கான்கிரீட் இறுகாமல் மெஷினை ஏற்றாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவன் நான்தான். என் தாடைக்கும் அது பொருந்தும் என்று அப்போது தோன்றவே இல்லை.)

"அதுவரைக்கும் கழட்டி மாட்டுற பல்லு ஒண்ணு தரட்டுங்களா சார்?"

"வேணாம்மா. நமக்கு எப்பவும் பெர்மனென்ட்தான். காண்டிராக்ட் பல்லெல்லாம் சரிப்படாது."

நிச்சயத்துக்கு முந்தின வாரம் நைட் ஷிப்ட் முடிந்த கையோடு கிளினிக்குக்குப் போனேன். "நல்லா தூங்கினீங்களா சார்?" என்று கேட்டார். "அருமையா!" என்றேன். பயம் தெரியாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார், பிறகு ஈறில் ஊசி போட்டார். அதோடு நான் இந்த உலகத்தில் இல்லை.

வாய் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போனது. என் தாடை சுரங்கமாகிவிட்டது. எங்கும் மார்கழிப் பனி. ஈறு படிப்படியாகக் கீழே இறங்க, தூரத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. எச்சில் உறிஞ்சும் குழாய் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறது. ஆஹா, இதுவல்லவோ வேலை என்று நான் மிதந்துகொண்டிருந்தேன். பனி விலகியது. ஓடாத பெல்ட்டின் மேல், பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகத் தேன்மொழி நிற்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "எறங்கும்மா" என்று சொல்லப் பார்க்கிறேன், நாக்கு அசையவில்லை. பெல்ட் கிளம்பும் முன் அடிக்கும் சைரன் அடித்தது.

(அது பக்கத்து அறையில் கருவிகளை ஆவியில் வேகவைக்கும் பெட்டி, வேலை முடிந்ததென்று போட்ட கூச்சலாம்.)

கை தானாகப் பாய்ந்து கயிற்றை இழுத்தது. அது மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாய். நல்லவேளை, துளை போடும் கருவியை அப்போதுதான் வாயிலிருந்து எடுத்திருந்தார். தண்ணீர் கூரைவரை பீய்ச்சியடித்தது, தட்டு கவிழ்ந்தது, எனக்கென்று எடுத்துவைத்த ஸ்க்ரூ உருண்டுபோய் பீரோவுக்கு அடியில் சேர்ந்தது. நானோ, "பெல்ட் நின்னுடுச்சு" என்று முனகிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேனாம்.

விழித்தபோது டாக்டரம்மா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "கீழ விழுந்தத வைக்க முடியாது சார். தையல் போட்டிருக்கேன், ஆறட்டும்."

"நிச்சயத்துக்குள்ள பல்லு வந்துடுமாம்மா?"

"ஒழுங்கா வச்சிருந்தாலே எலும்பு பிடிக்க மாசக்கணக்கா ஆகும்னு அன்னைக்கே சொன்னேனே சார்! தலைய தலைய ஆட்டினீங்களே!"

ஆகவே, பல் கட்டப்போகும் பெரியோர்களே, தயவுசெய்து தலையாட்டாமல் கேளுங்கள். தூங்கினீர்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

நிச்சயதார்த்தத்தன்று உதடு பணியாரமாக வீங்கியிருந்தது. பையனின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னிக்கும் வயித்து வலிங்களா?" என்றார். குரலில் சிரிப்பில்லை. எதிரே தேன்மொழி கலங்கிய கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மானமாவது மண்ணாவது என்று வாயைத் திறந்தேன். சோடா மூடி முதல் சைரன்வரை, ஓட்டை வழியாகக் காற்று சீறச் சீறச் சொல்லிமுடித்தேன். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

"அது சரி, இன்னாத்துக்கு அந்தக் கயித்த இழுத்தீங்க?"

"பொண்ணு பெல்ட்டு மேல நிக்கிறாளே சம்மந்தி. ஓடப்போவுதே. எப்படி இழுக்காம இருக்கறது?"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடட்டும், வுடுங்க. எங்க வூட்டுக்குத்தான வரப்போவுது," என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அந்த ஓட்டைவாய்ச் சிரிப்புதான் ஆல்பத்தில் முதல் படம்.

கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்கு வைத்திருந்ததால், அதற்குள் டாக்டரம்மா (முன்னெச்சரிக்கையாக என் இரண்டு கையையும் வசந்தாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி) புதுப் பல்லை வைத்துவிட்டார். இன்றைக்கும் நான் பேச்சை நீட்டினால், "கயித்த இழுங்கடா" என்று வீட்டில் குரல் வரும்.

போனில் தேன்மொழி மட்டும் வேறு மாதிரி கேட்பாள். "அப்பா, கல்யாணத்தன்னைக்கு எங்க கார் ஹாரன் அடிச்சிக் கெளம்புறப்ப, சட்டுனு கைய மேல தூக்குனீங்களே. அது டாட்டாவா, கயிறா?"

"டாட்டாதாம்மா," என்பேன், அத்தனை பல்லும் தெரிய.

"பொய்," என்பாள்.