குழாயடி நண்பர்

"ஐந்தே நிமிடத்தில் குழாய்க் கசிவை நிறுத்தலாம்" என்று வீடியோவில் ஒருவர் சிரித்த முகமாகச் சொன்னார். கணக்கு வாத்தியார் அதை நம்பிச் சமையலறைக் குழாயின் நட்டைக் கழற்றினார். அதுவரை சொட்டிய தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"பிளம்பரைக் கூப்பிடுங்க. இல்லன்னா எங்கப்பாவைக் கூப்பிடறேன்" என்றாள் மனைவி, முகத்தைத் துடைத்தபடி.

"உங்கப்பாவா? வீடே மிதந்தாலும் அது நடக்காது!"

மாமனார் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை ஆணி அடித்த அழகைப் பார்த்து, போன வருஷம் உறவுக்காரர்கள் முன்னால் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த வீடியோ வெளியே இருக்கும் வால்வை மூடச் சொன்னது. ஓடிப்போய் மூடினார். மாடியிலிருந்து அலறல் கேட்டது.

"யாருய்யா அது? கண்ணெல்லாம் சோப்பு!"

அது மாடி வீட்டு வால்வு. அவசரமாகத் திறந்துவிட்டு வந்து, மூன்றாவது வீடியோ சொன்னபடி பலங்கொண்ட மட்டும் குழாயை முறுக்கினார். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது.

"இப்ப திருப்தியா?" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல், வீட்டுப் பழுதுகளுக்கென்று இருந்த இணையக் குழுவில் சமையலறையைப் படம் எடுத்துப் போட்டார். ஒருவர் மெழுகு ஊற்றச் சொன்னார். இன்னொருவர் வீட்டை விற்கச் சொன்னார். 'துருப்பிடித்த ஸ்பேனர்' என்ற பெயரில் வந்தவர் மட்டும் நிதானமாக எழுதினார்: "பதறாதீங்க தம்பி. சிங்குக்கு அடியில சின்ன வால்வு இருக்கும். வலப்பக்கமா திருப்புங்க."

திருப்பினார். தண்ணீர் நின்றது!

என்ன சாமான் வாங்க வேண்டும், டேப்பை எப்படிச் சுற்ற வேண்டும், எல்லாவற்றையும் ஸ்பேனர் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் புதுக் குழாய் பளபளத்தது. ஒரு சொட்டுக் கசிவில்லை. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

"ரொம்ப நன்றிண்ணே. எங்க மாமனாரா இருந்தா இந்நேரம் ஊரைக் கூட்டிச் சிரிச்சிருப்பார்" என்று எழுதினார்.

பிறகு பதில் வந்தது: "அவருக்கும் உள்ளுக்குள்ள வருத்தம் இருக்கும் தம்பி. ஒரு வார்த்தை பேசிப் பாருங்க."

முன்பின் தெரியாத மனுஷர் சொன்னது வாத்தியாரின் மனதைத் தொட்டது. வீம்பை விழுங்கிவிட்டுப் போன் போட்டார். மாமியார் எடுத்தார்.

"அத்தை, மாமா இருக்காரா?"

"இருக்கார் மாப்பிள்ளை! உங்க சமையலறைப் படத்தைப் பார்த்ததிலேருந்து அவருக்குச் சோறு இறங்கலை; 'நான்தான்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வால்வை மூட மாட்டார், நீ வாயைத் திறக்காதே'ன்னு என்னை அடக்கிட்டு, உங்களுக்குத்தான் எழுதிட்டே இருந்தார்!"