கமிஷனர் வீட்டுக் கூடம்

சித்தூரில் எழும்பிய எந்தக் கட்டடமும் கமிஷனரிடம் திட்டு வாங்காமல் தப்பியதில்லை. கல்யாண மண்டபம், மாம்பழக்கூழ் ஆலை, துணிக்கடை, ஏடிஎம் பெட்டி, கட்டணக் கழிப்பறை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். கடைக்கால் தோண்டும்போதே வந்து நின்றுவிடுவார். வீட்டுக்காரர் பூஜை போட்டுத் தேங்காய் உடைத்துக்கொண்டிருப்பார். இவர் பக்கத்தில் நின்று, "தெருவுல பாதிய நீயே எடுத்துக்கினா மத்தவன் இன்னா பறந்தா போவான்?" என்று கேட்பார். சகுனத் தடைக்கென்றே இந்த ஊரில் ஆள் போட்டிருக்கிறார்களோ என்று வெளியூர்க்காரர்கள் குழம்பிப் போவார்கள்.

கமிஷனர் என்றதும் நகராட்சி கமிஷனர் என்று நினைத்துவிடாதீர்கள். அது தெரு கொடுத்த பட்டம். அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பஸ்ஸும் நேரத்துக்கு வந்ததில்லை. ஏன் லேட் என்று கேட்டால் எல்லா டிரைவரும் தெரு குறுகல் என்று ஒரே பாட்டைப் பாடியிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு, உலகத்தின் எல்லாத் துன்பத்துக்கும் குறுகல் தெருதான் காரணம் என்ற ஞானம் அவருக்குப் பிறந்துவிட்டது. எங்கேயோ மாமியார் மருமகள் சண்டை என்று சேதி வந்தால்கூட, "அவங்க தெரு எவ்ளோ அகலம்?" என்று கேட்பார்.

அவர் வீட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் முதலில் சூரியனைப் பார்க்க முடியாது, கமிஷனரைத்தான் பார்க்க வேண்டும். முழுக்கை பனியனோடு கேட்டில் நின்று எனக்கு ஊரின் நிலவரம் சொல்லிக்கொண்டிருப்பார்.

"பாத்தியா நைனா, தண்ணி டேங்குக்கு மறுபடி கலர் அடிக்கிறானுங்க. ஆட்சி மாறினா டேங்குக்கு சட்டை மாத்துறானுங்க. உள்ள தண்ணி கீதான்னு எவனாவது எட்டிப் பாத்தானா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி மேரியம்மாவின் குரல் வரும். "ஏங்க, நம்ம ஊட்டு கொழா ஒழுகிக்கினே கீது. அத்த பாத்துட்டு அப்பால ஊர பாருங்க!"

கமிஷனர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இவ எதிர்க்கட்சி" என்பார்.

கடைவீதியில் ஒருவர் முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்து மூன்று மாடி கட்டினார். "இதுக்குள்ள குந்தினா அப்பளம் பொரிக்கலாம், எண்ணெயே வேணாம்" என்று கமிஷனர் தீர்ப்புச் சொன்னார். கடைக்காரர் சிரித்தார். கோடை வந்தது. வெயில் தாங்காமல் கண்ணாடி முழுவதையும் தலைவர் ஒருவரின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் போட்டு மூடினார்கள். தலைவரின் மூக்கு மட்டும் ஒரு மாடி உயரம் இருந்தது. கமிஷனர் தினமும் அந்த வழியாகப் போய் மூக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்புவார்.

டிப்போ நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவை மறக்கவே முடியாது. அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கோமாதா வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். லிஃப்டில் மாட்டின் தலை நுழைந்தது, மற்றது நுழையவில்லை. அகத்திக்கீரையைக் காட்டிக் காட்டிப் படி வழியாக ஏற்றினார்கள். வந்தது, கீரையைத் தின்றது, ஹாலில் சாணி போட்டது, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இறங்க மறுத்துவிட்டது. மாட்டுக்கு ஏறத் தெரியும், இறங்கப் பயம். திருப்பத்தில் குறுக்கே நின்றுகொண்டது. மேலே இருந்தவர்கள் பந்திக்குக் கீழே போக முடியவில்லை. கீழே இருந்தவர்கள் மொய்க் கவரோடு மேலே வர முடியவில்லை.

கமிஷனர் மாட்டுக்குப் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தார். "நம்ம ஊரும் இப்பிடித்தான் நைனா. மேல மேல ஏத்திக்கினே போறானுங்க. எறங்கறது எப்பிடின்னு ஒருத்தனும் ரோசன பண்ணல."

"நாங்க மாட்டுக்கா சார் அபார்ட்மெண்ட் கட்னோம்?" என்றார் பில்டர்.

"மனுசன் செத்தா பாடிய எப்பிடி எறக்குவ?"

நல்ல நாளும் அதுவுமாக இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நண்பர் அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை. மாடு கடைசியில் சாக்குப் பையால் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்கியது.

இப்படிப்பட்டவர் வாயிலிருந்து வசையே வாங்காத கட்டடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது அவர் வீட்டு முன்கூடம். தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, முகம் தெரிகிற சிவப்புத் தரை. சித்திரை வெயிலில் அங்கே நுழைந்தால் ஃபேன் போடாமலே உடம்பு அடங்கும். புதன்கிழமை சாயந்திரம் சபை மக்கள் ஜெபக்கூட்டத்துக்கு வருவார்கள். மேரியம்மா உயர்ந்த குரலில் பாட, எங்கள் மாடி வரைக்கும் கேட்கும். கமிஷனர் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பெருமையாகப் பார்ப்பார். நானே பார்த்திருக்கிறேன்.

தெருவை அகலப்படுத்தச் சொல்லி அவர் திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துக்கொண்டிருந்தார். எந்தத் தேவன் காதில் விழுந்ததோ, ஒருநாள் நிஜமாகவே ஆட்கள் டேப்பும் சிவப்புப் பெயிண்டுமாக வந்து இறங்கினார்கள். கமிஷனருக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த மாதிரி சந்தோஷம். டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் வீட்டில் வாசற்படியும் திண்ணைக் குறடும்தான் கோட்டுக்குள் வந்தன. தெரு வளைகிற மூலையில் இருந்தது கமிஷனர் வீடு. பெயிண்ட்காரன் கேட்டைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சமையலறைச் சுவரில் கோடு போட்டான்.

என்ஜினீயர் தயங்கித் தயங்கித் தெலுங்கில் சொன்னார். "சார், மீ ஹாலு போத்துந்தி."

உங்கள் கூடம் போகிறது என்றால் அவருக்குப் புரியாதா? டேப்பை விடாமல் அப்படியே நின்றார். பிறகு, "பஸ்ஸு நிக்காம போவும் இல்ல?" என்று கேட்டார்.

"போவும் சார்."

"அப்ப போவட்டும்."

மேரியம்மா அன்று எதிர்க்கட்சி வேலை பார்க்கவில்லை. உள்ளே போய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தெரு அப்படி விட்டுவிடுமா? பக்கத்துக் கூல்டிரிங்க்ஸ் கடை நாயுடுதான் வழி கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்தில் புல்டோசருக்கு மருந்து ஒன்றுதான், சாமி. மறுநாள் விடியும்போது கமிஷனர் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு மேடை முளைத்து, அதன்மேல் மஞ்சள் பூசின புத்தம்புதுப் பிள்ளையார் வந்துவிட்டார். மாலை, சூடம், சுண்டல்கூட ரெடி.

"ஏம் காது சார், இனிமே ஒண்ணும் ஆவாது. தேவுடு உன்னாரு!" என்று நாயுடு தெலுங்கும் தமிழுமாகத் தைரியம் சொன்னார். "சாமிய தாண்டி எவன் சார் கை வெப்பான்?"

கமிஷனர் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாயுடு, இவரு உங்க சாமி. லாரி புகையில குந்த வெச்சி, வேதக்காரன் ஊட்டுக்கு வாட்ச்மேன் ஆக்குறீங்களே, நாயமா?"

"உங்களுக்காவத்தான சார்!"

"எனக்காவத்தான் சொல்றேன். நாளெல்லாம் ரோடு வேணும்னு கத்தினவன் நானு. என் ஊடுன்னதும் சாமி பின்னால ஒளிஞ்சிக்கினா, நாளைக்கி எந்த மூஞ்ச வெச்சிக்கினு ஒருத்தன கேள்வி கேப்பேன்?"

நான் மாடியிலிருந்து இறங்கி வந்து, "சார், ஊர்ல யாரும் நியாயம் பாக்கல. நீங்க மட்டும் ஏன்?" என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மேளத்தோடு மரியாதையாகப் பிள்ளையாரைத் தூக்கினார்கள். தெருக்கோடி கோயிலுக்குத்தான் போகிறார் என்று நினைத்தோம். அவர் நாயுடு கடை வாசலில் இறங்கிவிட்டார். அடுத்த வீட்டுக்காரர் ஒரு தலைவர் சிலை வைத்தார், அதற்கடுத்தவர் கொடிக்கம்பம், அதற்கடுத்தவர் கோர்ட்டில் ஸ்டே. புல்டோசர் வந்த நாளில் இடிப்பதற்கென்று தெருவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடுதான்.

கமிஷனர் தானே முன்னால் நின்று, "மெதுவா நைனா, அது தேக்கு" என்று டிரைவருக்குக் கை காட்டினார். கூரை விழுந்து புழுதி அடங்கியதும், "ஏதாச்சும் துன்னியா?" என்று அந்த டிரைவரைக் கேட்டார். மேரியம்மா சமையலறையிலிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சமையலறைதான் அன்றிலிருந்து வீட்டின் முன்கட்டு.

அதற்குப் பிறகு ஆட்சி மாறியது, டேங்குக்குப் புதுச் சட்டை வந்தது, ரோடு வேலை நின்றது. எங்கள் தெருவில் ஒரே ஓர் இடம் மட்டும் பாம்பு எலியை விழுங்கின மாதிரி அகலமாக இருக்கிறது. அதிலும் பாதியைப் பானிபூரி வண்டியும் ஆட்டோக்களும் எடுத்துக்கொண்டன.

இடிந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவர் ஊரைத் திட்டுவதை நிறுத்தியதுதான் தாங்கவில்லை. அவரைச் சீண்டுவதற்காகவே பைபாஸ் பக்கம் புதிதாக எழும்பிய வணிக வளாகத்துக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். அதைப் போல அசிங்கமான கட்டடத்தை நான் பார்த்ததில்லை. நாலு கோபுரம், நடுவில் கண்ணாடி முட்டை. இப்போது வெடிப்பார் என்று காத்திருந்தேன்.

"நல்லாத்தான் கீது" என்றார்.

ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

கொஞ்ச நாளில் மகன் வந்து இருவரையும் திருப்பதிக்கு அழைத்துப் போய்விட்டான். ஐந்தாவது மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். பால்கனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே கையெட்டும் தூரத்தில் ஒரு லாட்ஜின் பின்பக்கச் சுவர், அதில் காய்கிற துண்டுகள்.

"அந்தச் சுவத்துக்கு அப்பால மலை கீதாம் நைனா. பையன் சொன்னான்."

"திட்டலையா சார்?"

"எனக்கு இன்னா உரிமை? நான் வாடகைக்கு வந்த ஆளு மாதிரி." துண்டுகளிலிருந்து என் பக்கம் திரும்பி, "நம்ம ஊட்டாண்ட பஸ்ஸு இப்ப நிக்காம போவுதா?" என்று கேட்டார்.

மேரியம்மா கதவோரம் நின்று என்னையே பார்த்தார்.

"போவுது சார். சர்ருனு போவுது."

அவர் முகத்தில் பழைய கமிஷனர் ஒரு நொடி வந்து போனார். "நான் சொன்னனா இல்லியா?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சொன்னீங்க, சொன்னீங்க என்று மேரியம்மா தலையாட்டினார். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் கமிஷனர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறேன். தினமும் ஸ்கூட்டரில் வந்தாலும், அந்த அகலமான இடம் வந்ததும் எஞ்சினை அணைத்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று ஆட்டோக்காரர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டுக் கூடத்தில் வண்டி ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.