ஒரு நாள் முன்னால் வந்த பட்டு வேட்டி

எனக்குப் பொறாமை உண்டு. கொஞ்சமாக இல்லை, லோரி நிறைய. மற்றவர்கள் இதற்கு வேறு பெயர் வைத்து மறைப்பார்கள். எனக்கு அதெல்லாம் வராது. என் சகலை சேகரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவ்வளவுதான்.

சேகர், என் மனைவி தேவியின் தங்கை மாலாவைக் கட்டியவன். நான் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டுகிறேன். பத்து வருடம் கொழுந்து மூட்டை தூக்கிய பிறகு கிடைத்த வேலை. அவன் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணி. நான் மழையில் நனைந்து மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவேன். அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று எடை எழுதுவான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த ஐந்தெழுத்து ஆட்டத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போனில் வரும் ஆட்டம் அது. தினம் ஓர் ஆங்கிலச் சொல், ஐந்தே எழுத்து. ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். சரியான எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் கட்டம் பச்சையாகும். சேகர் தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பச்சைக் கட்டங்களை அனுப்புவான். மூன்றாவது வரியிலேயே முடித்திருப்பான். உடனே மாமியார் கைதட்டும் படம் போடுவார். (அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. பச்சை நிறம் பிடிக்கும்.)

"சேகர் தம்பிக்கு என்னா மூளை லா!" என்பாள் தேவி. எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள்.

நானும் இறங்கினேன். ஏ, ஆர் இரண்டும் உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் என்று இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் கொட்டும். லோரிப் புத்தகத்தின் பின்பக்கம் முழுக்க அவற்றை எழுதி வைத்தேன். அதில் பாதியை வெள்ளைக்காரனே கேட்டிருக்க மாட்டான். அப்படியும் ஒருநாள் ஆறு தடவையும் தோற்றேன். அன்றைய சொல் 'லோரி'. நான் அதற்குள் உட்கார்ந்துதான் ஆடிக்கொண்டிருந்தேன்.

"லோரிக்காரருக்கே லோரி தெரியலயே அண்ணே!" என்று சேகர் குழுவில் போட்டான். மாமியார் அதற்கும் கைதட்டினார்.

அன்றுதான் ஒரு திருட்டு வழி கண்டுபிடித்தேன். போனில் தேதியை ஒரு நாள் தள்ளி வைத்தால் நாளைய சொல் இன்றே வரும். மாலையில் தள்ளி வைப்பேன். ஆடித் தோற்று, விடையைத் தெரிந்துகொள்வேன். ஆட்டத்தை அழித்துப் புதிதாகப் போட்டுத் தேதியைத் திருப்பி வைப்பேன். மறுநாள் காலையில் இரண்டாவது வரியில் முடிப்பேன். (முதல் வரியிலேயே முடித்தால் சந்தேகம் வருமே. அந்த அளவுக்கு மூளை இருந்தது.)

நான்கு வாரம் ராஜாவாக இருந்தேன். சேகரே, "அண்ணே, எப்படிண்ணே?" என்று கேட்டான். "தானா வருது" என்றேன்.

அப்போது மாலாவின் குழந்தைக்குக் காது குத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ரிங்லெட்டில் மாமியார் வீட்டில். தேவி இரண்டு நாள் முன்பே உதவிக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை மாலை நான் தேதியைத் தள்ளி வைத்து ஆடித் தோற்ற நேரத்தில் அவள் போன் செய்தாள். "அந்தப் பட்டு வேட்டிய மறக்காம கட்டிட்டு வாங்க" என்றாள். பேசி முடித்தேன். வேட்டி ஞாபகம் இருந்தது. தேதியைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் அலாரம் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடிக்காதபடி வைத்திருந்தேன். போனும் ஞாயிறு என்றே சொன்னது. சனிக்கிழமை எங்கே போனது என்று யோசிக்கிற மூளை இருந்திருந்தால் ஐந்தெழுத்தையே கண்டுபிடித்திருப்பேன்.

குளித்தேன். பட்டு வேட்டி கட்டினேன். லோரிச் சாவி இருந்த பையை இடுப்பில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ரிங்லெட்டுக்கு இறங்கினேன். அங்கே மாமியார் பழைய கைலியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பந்தலில் இரண்டு கம்புதான் நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்னா வீடு இது? பிள்ளைக்குக் காது குத்து, ஒருத்தரும் இன்னும் குளிக்கல! வெக்கமா இல்ல?"

தேவி கரண்டியோடு வெளியே வந்தாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "என்னங்க, இன்னைக்கிச் சனிக்கிழம."

"ஞாயித்துக்கிழம! போன் சொல்லுது பாரு!"

அவள் பார்க்கவில்லை. மாலாவின் போன் அடித்தது. சேகர்தான். "மாமாவா? இங்கதான் இருக்காரு. மாப்பிள்ள மாதிரி வந்து நிக்கிறாரு" என்றாள் மாலா. பிறகு அவள் முகம் மாறியது. "மாமா, கொழுந்து பூரா ரோட்டோரம் கிடக்குதாம். லோரி வரலயாம்."

பறித்த கொழுந்தை மூட்டையில் கட்டி வைத்தால் சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். ஒரு காலைப் பறிப்பு முழுவதும் அங்கே வெந்துகொண்டிருந்தது. சாவி என் இடுப்பில். வேலை போய்விடும். வந்த வேகத்தைவிட வேகமாக மலை ஏறினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி லோரி ஓட்டினேன். கொழுந்து பறிப்பவர்கள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். "அபாங், காவினா?" என்று ஒருவன் மலாயில் கேட்டான். ஆமாம், எனக்குத்தான் கல்யாணம்.

தொழிற்சாலையில் சேகர் மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்தான். பாதி சிவந்திருந்தது. "போனக் குடுங்கண்ணே" என்றான். தேதியைப் பார்த்தான். அதைச் சரிசெய்துவிட்டு ஆட்டத்தைத் திறந்தான். அன்றைய சொல்லில் நான் ஆறு தடவை தோற்றது அப்படியே கிடந்தது. என்னைப் பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

தோட்டத்துத் துரை வந்து கத்தியபோது, "லோரி பேட்டரி செத்துப் போச்சு சார், அவர் மேல தப்பில்ல" என்றான். என் வேலை தப்பியது.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் மறுநாள், உண்மையான ஞாயிற்றுக்கிழமை, பந்தலில் எல்லோரும் சேகரைத்தான் பேசினார்கள். "அண்ணனத் துரைகிட்ட காட்டிக் குடுக்காம காப்பாத்திட்டான் பாரு" என்றார் மாமியார். தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்து சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நல்ல பெயரும் அவனுக்கேவா?

"பெரிய யோக்கியன்!" என்று கத்தினேன். "நான் தேதிய மாத்தி வச்சு ஆடினேன்! நாலு வாரமா விடையப் பாத்துத்தான் போட்டேன்! அது அவனுக்கும் தெரியும்! தெரிஞ்சும் சொல்லாம நல்லவன் வேசம் போடுறான்!"

காது குத்தி அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"சேகர் தம்பி இத யாருகிட்டயும் சொல்லலயே. நீங்களே ஏங்க சொன்னீங்க?" என்று கேட்டாள் தேவி.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் எனக்கு மட்டும் தனியாகப் போன் வரும். "மாமா, நாளைக்கு இல்ல, நாளன்னைக்கு." சேகர் இன்னும் மூன்றாவது வரியில் முடிக்கிறான். நான் நேர்மையாக ஆடித் தோற்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் எனக்கு ஒரு தினத்தாள் காலண்டர் கொண்டுவந்து, அவன் கையாலேயே சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போகிறான்.

அதில் தாள் கிழிக்க எனக்கு அனுமதி இல்லை. தேவிதான் கிழிப்பாள். என்னிடம் விட்டால் இரண்டு தாளாகக் கிழித்துவிடுவேனாம்.